தனியாக வந்து கேட்டால்

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் தெரியும். நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அதற்கப்புறம்தான். பெரம்பலூர் கோர்ட்டில் பதினாறு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். இன்றைக்கும் என் கேஸ் நம்பரைக் கூப்பிட்டால் வயிறு ஒரு சுற்று சுற்றித்தான் நிற்கும். "நீயெல்லாம் எப்படிடி குறுக்கு விசாரணை பண்றே?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பயந்தாங்கொள்ளிகள் ராப்பகலாய்ப் படித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த பயத்துக்கு என்னிடம் எந்தப் படிப்பும் இல்லை.

அப்பா அரியலூரில் வக்கீல். வயது எழுபத்தெட்டு. சிவில் கேஸ் மட்டும்தான் பார்ப்பார். அதிலும் பாதிக்கு மேல் கோர்ட்டுக்கு வெளியிலேயே முடித்துவிடுவார். "கேஸ் போட்டா ஒங்க பேரனுக்குத்தான் தீர்ப்பு வரும். வூட்டுக்குப் போயி பேசிட்டு வாங்க" என்று கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பும் வக்கீலை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் முதல் காய் பறித்ததும் பையும் கையுமாக வந்து நிற்பார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ஊர் அது. அப்பா வெள்ளைச் சட்டையோடு நடந்து போவதைப் பார்த்தால், தூசி கிளம்பக் கூடாது என்று லாரியை மெதுவாக விடுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. கொஞ்சம் பொறாமையும் உண்டு. எனக்காக மெதுவாகப் போன லாரி இதுவரை ஒன்றுகூடக் கிடையாது.

அப்பாவிடம் ஒரு வழக்கம். பொதுச் சொத்து வைத்திருக்கிற அண்ணன் தம்பிகள், ஒருவரையொருவர் நம்பாதவர்கள், மூலப்பத்திரத்தை அவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒருத்தன் வீட்டில் இருந்தால் மற்றவனுக்குத் தூக்கம் வராது. வக்கீலய்யா வீட்டில் இருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். ரசீது கிடையாது, கட்டணம் கிடையாது. நிபந்தனை ஒன்றே ஒன்று. பங்குதாரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்தால்தான் பத்திரம் வெளியே வரும். தனியாக வந்து கேட்டால், அழுதாலும் கிடையாது, சண்டை போட்டாலும் கிடையாது. பச்சை மையில் ஒரு துண்டுச் சீட்டில் 'இருவரும் சேர்ந்து', 'நால்வரும் சேர்ந்து' என்று எழுதி, நகலோடும் பட்டாவோடும் சேர்த்துக் கட்டி, இரும்பு பீரோவில் வைப்பார். பீரோவில் என்னென்ன இருக்கிறது என்பது அவருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். குமாஸ்தா போன வருஷம் மகன் வீட்டோடு போய்விட்டார். அதற்கப்புறம் அப்பா மட்டும்தான்.

பத்திரத்தை லேமினேஷன் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்காது. "அதுக்கு மூச்சு முட்டும்யா! முத்திரையத் தடவிப் பாக்க முடியலன்னா அப்பறம் அது என்ன பத்திரம்?" என்று திட்டுவார். திட்டு வாங்கியவர்களும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் தாத்தாவுக்கு ஐந்து ஏக்கர் முந்திரிக்காடு இருந்தது. வீடு கூரைவீடு. நெருப்புப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பத்திரத்தை ஊரில் ஓட்டுவீடு வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொடுத்து வைத்தார். பதிவு செய்யாத பழைய பத்திரம். நகல் கிடையாது. பல வருஷம் கழித்து, பக்கத்துக் காட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு, காடு முழுக்கத் தன்னுடையது என்று கிளம்பியபோது தாத்தா போய்ப் பத்திரத்தைக் கேட்டார். அந்தப் பெரியவர், "எங்கிட்ட எப்பய்யா குடுத்த?" என்று கேட்டாராம். வழக்கு தோற்றது. தாத்தா அதே காட்டில் கூலிக்கு முந்திரிக்கொட்டை பொறுக்கினார். அந்தக் கூலியில்தான் அப்பா படித்தார். இந்தக் கதையை அப்பா எப்போது சொன்னாலும் கடைசி வாக்கியம் ஒன்றுதான். "கொஞ்சம்கூட நாக்குக் கூசாம சொன்னான் பாப்பா." அந்தப் பெரியவர்தான் எங்கள் குடும்பத்தின் வில்லன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவரை வெறுத்துத்தான் வளர்ந்தேன்.

நான் பெரம்பலூரில் குடியிருக்கிறேன். சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி அப்பாவின் ஆபீசுக்கு வந்துவிடுவேன். ஆபீஸ் என்பது வீட்டின் முன்னறைதான். போன மழைக்காலத்திலிருந்தே சில விஷயங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. ஒரே சேதியைச் சொல்ல ஒரு காலையில் மூன்று தடவை போன் செய்தார். மனுவில் போன மாதத் தேதி போட்டார். ஒருநாள் கோர்ட்டில் வேறொருவர் கேஸைக் கூப்பிட்டதும் இவர் எழுந்து போய் நின்றிருக்கிறார். நீதிபதி மரியாதையாக, "உட்காருங்க சார், உங்களுது அடுத்தது" என்றாராம். அதை எனக்குச் சொன்ன வக்கீல் சிரித்தார், நானும் சிரித்துவைத்தேன். வயசானால் அப்படித்தான் என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார்கள் என்று பயம். பெயர் இல்லாதவரைக்கும் அது ஒன்றுமில்லை என்று இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அரும்பாவூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய கொழுந்தனாரும் வந்தார்கள். அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் மூன்று ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். இரண்டு பேரும் சேர்ந்துதான் முன்பு பத்திரத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு பெண். பெண் பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று பாகம் கொடுக்காமல் இழுத்தடித்த கொழுந்தனாரை, ஊர்க்காரர்கள் உட்கார வைத்துப் பேசி இப்போதுதான் ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்கள். புதன்கிழமை பாகப்பிரிவினைப் பதிவு. மூலப்பத்திரம் இல்லாமல் பதிய மாட்டார்கள்.

"ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கோங்கய்யா. நீங்க சொன்ன மாதிரியே" என்று அந்த அம்மா சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீட்டுப்பாடத்தை நீட்டுகிற சிரிப்பு. கொழுந்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்தார். மேஜையில் வைத்து அவிழ்த்தார். பச்சை மைச் சீட்டு இருந்தது. 'இருவரும் சேர்ந்து.' பட்டா இருந்தது. நகல் இருந்தது. மூலப்பத்திரம் இல்லை. அப்பா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று வந்து போனது. கூட்டத்தில் கையைவிட்டுப் போன பிள்ளை சுற்றும் முற்றும் பார்ப்பது போல அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

அது ஒரு நிமிஷம்தான். பிறகு தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "எங்கிட்டதாம்மா இருக்கு. கட்டு மாறியிருக்கும். தேடி எடுத்து வைக்கிறேன். புதங்கெழம காலையில வாங்கிக்குங்க" என்றார்.

"அதுக்கென்னங்கய்யா, ஒங்ககிட்ட இருந்தா பேங்குல இருக்கற மாதிரி" என்று அந்த அம்மா எழுந்தார். கொழுந்தனார் அப்பாவையே பார்த்தபடி நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லாமல் போய்விட்டார்.

அவர்கள் தெரு திரும்பியதும் நான் கதவைச் சாத்தினேன். "அப்பா, யாருகிட்டயாவது குடுத்தீங்களா?"

"தெரியல."

எழுபத்தெட்டு வயதில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும், அது என் பிறவிக்குணம். "தெரியலன்னா என்னப்பா அர்த்தம்? அந்தாளு இன்னிக்கு ஒத்துக்கிட்டான், நாளைக்கு முடியாதுன்னுட்டா அந்தம்மா எங்கப்பா போகும்? போலீஸ்ல எழுதிக்குடுத்து, பேப்பர்ல விளம்பரம் போட்டு, அதெல்லாம் முடியறதுக்குள்ள அவன் மனசு மாறிடாதா?" என்று கத்தினேன். அப்பா பச்சைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பீரோவைக் காலி செய்தோம். ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, பார்த்து, கட்டி அடுக்கினோம். லப்பைக்குடிக்காட்டுக் கடைக்காரர் ஒருவருடைய கட்டு இருந்தது. அவர் தம்பிகள் மூன்று பேர் துபாயில். சீட்டில் 'நால்வரும் சேர்ந்து' என்று இருந்தது. இப்போது நான் பயந்தது ஒரு பத்திரத்துக்கு இல்லை. ஒன்று போயிருந்தால் வேறு எத்தனை போயிருக்கும்? எந்தக் கட்டை அவிழ்த்தால் வெறும் பச்சைச் சீட்டு மட்டும் இருக்கும்? வெளியே கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் யாரோ தங்கள் பத்திரத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒருவர் உண்மையிலேயே வந்தார். பையில் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தார்.

மத்தியானம் கடைசிக் கட்டும் முடிந்தது. மற்றதெல்லாம் இருந்தது. அந்த ஒன்று மட்டும் இல்லை. அப்பா தரையில், கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் எழவில்லை.

"பாப்பா, ஒருவேள அந்தாளுக்கும் மறந்துதான் போச்சோ?"

"எந்தாளுக்கு?"

"ஒங்க தாத்தா பத்திரத்த வாங்கி வச்சவனுக்கு. அப்ப அவனுக்கும் எம் வயசுதான் இருக்கும்."

அந்த வில்லனை அறுபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. அந்தக் கோபத்தில்தான் அப்பா வக்கீலானார், அதே கோபத்தில்தான் நானும் வந்தேன். அவன் திருடன் இல்லை, வெறும் கிழவன் என்றால் நாங்கள் யார்? அதைவிட மோசமான கேள்வி ஒன்று இருந்தது. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அரும்பாவூரில் ஒரு பெண், தன் பிள்ளைகளிடம் எங்கள் அப்பாவைப் பற்றி எப்படிச் சொல்வாள்? நாக்குக் கூசாமல் என்றுதானே? அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரம்பலூர் கோர்ட் வாசலில் அந்தக் கொழுந்தனார் என்னைத் தேடி வந்து நின்றார். கையில் ஒரு துணிக்கடைப் பை. மனசு மாறிவிட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பையை என் மடியில் வைத்தார். உள்ளே மூலப்பத்திரம். ஒவ்வொரு பக்கமும் லேமினேஷன் செய்யப்பட்டுப் பளபளவென்று இருந்தது.

"பொங்கலுக்கு முன்னாடி நான் மட்டும் போயி ஐயாகிட்ட கேட்டேம்மா. இது எங்கையில இருந்தா அண்ணி பாகம் கேக்க முடியாதுன்னு நெனச்சேன். குடுக்க மாட்டாருன்னும் தெரியும். திட்டுவாரு, திட்டு வாங்கிட்டு வந்துடலாம்னுதான் போனேன். 'இருய்யா'ன்னு உள்ள போனாரு, எடுத்தாந்து குடுத்துட்டாரு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ல வரப்ப கையெல்லாம் நடுங்குச்சும்மா. ஐயாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப சனிக்கிழமையே சொல்றதுக்கு என்ன?" என்று நான் பாய்ந்தேன்.

"'ஒங்கிட்டதான குடுத்தேன்'னு ஐயா சொல்லிடுவாரு, அண்ணி முன்னாடி மானம் போவப்போவுதுன்னு ஒக்காந்திருந்தேன். அவரு எங்கிட்டதான் இருக்குன்னு தம்மேல போட்டுக்கிட்டாரு. ரெண்டு நாளா சோறு எறங்கலம்மா. நீங்களே கட்டுக்குள்ள வச்சிருங்க. ஐயாவுக்கும் தெரிய வேணாம், அண்ணிக்கும் தெரிய வேணாம்."

"சரி, லேமினேஷன் எதுக்குப் போட்டீங்க?"

"மழையில கிழையில நனஞ்சிடக் கூடாதுன்னு. நல்லா வச்சிக்கணும்ல?" என்றார்.

அன்று சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க எனக்கு வேறு பயம். லேமினேஷன் மட்டும் இல்லாமலிருந்தால் நான் சத்தமில்லாமல் அதைக் கீழ்த்தட்டில் செருகிவிட்டு, "இதோ இருக்குப்பா" என்றிருப்பேன். என் கோழைத்தனம் எனக்குத் தெரியும். அவரும் நம்பியிருப்பார். நம்பி, அடுத்த ஆளுக்கு அடுத்த பத்திரத்தை எடுத்துக் கொடுத்திருப்பார். அந்த பிளாஸ்டிக்தான் என்னை உண்மை பேச வைத்தது. அப்பாவின் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் பிளாஸ்டிக்கின் மேல் விரலால் முத்திரையைத் தடவிப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில், எல்லோரும் இருக்கும்போது, அப்பா அந்த அம்மாவிடம் சொன்னார். "தப்பு எம்மேலம்மா. இத நான் ஒங்க கொழுந்தனார்கிட்ட தனியா குடுத்துட்டேன். குடுத்தது எனக்கு ஞாபகமில்ல. அவரு திருப்பிக் கொண்டாந்துட்டாரு." நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பது வருஷப் பேர் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா கொழுந்தனாரை நெடுநேரம் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. "திருப்பிக் கொண்டாந்துட்டாருல்ல, அப்பறம் என்னங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பதிவு செய்கிற அதிகாரி பிளாஸ்டிக்கைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் பதிந்து கொடுத்துவிட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். புதுப்பத்திரத்தை அப்பாவின் மேஜையில் வைத்தார். "இனிமே இது எனக்கும் எம் பொண்ணுக்கும்தாங்கய்யா. ரெண்டு பேரும் சேந்து வந்தா குடுங்க. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாம் தெரிந்த பிறகும் கொண்டுவந்து வைக்கிறாரே! இப்படி ஒரு நம்பிக்கையைக் கண்டு அன்றைக்குத்தான் நடுங்கினேன். அப்பா அந்தப் பத்திரத்தைத் தொடவே இல்லை. "வேணாம்மா. ஒங்ககிட்டயே இருக்கட்டும். பிளாஸ்டிக் மட்டும் போட்றாதீங்க" என்றார். எனக்குத் தெரிந்து அவர் வாங்க மறுத்த முதல் பத்திரம் அதுதான்.

அந்த அம்மா போனதும் அப்பா இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "ஒண்ணொண்ணா எல்லாரையும் வரச்சொல்லி, சீட்டுல இருக்கற மாதிரி பாத்துக் குடுத்துடு. அதுவரைக்கும் இது ஒங்கிட்ட இருக்கட்டும். நான் தனியா வந்து கேட்டா குடுக்காத."

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டார். வெள்ளைச் சட்டை, வேட்டி எல்லாம் மாற்றிக்கொண்டு, கோர்ட் உள்ள நாள் மாதிரி தயாராக வந்து நின்றார். "பாப்பா, பீரோ சாவி எங்க? ஆளு வந்து காத்துக்கிட்டிருக்காரு." முன்னறையில் யாரும் இல்லை. நாற்காலிகள் காலியாக இருந்தன.

"தர முடியாதுப்பா" என்றேன்.

"என்னது? எம் பீரோ, எஞ் சாவி. எனக்குச் சொல்ல நீ யாரு?" அப்பா அதுவரை என்னைப் பார்த்துக் குரல் உயர்த்தியதே இல்லை. என் வாழ்க்கையில் எந்த நீதிபதி முன்னாலும் நான் அப்படி நடுங்கியதில்லை. சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தனியா வந்து கேட்டா குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"யாரு சொன்னது?"

"நீங்கதாம்ப்பா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடினார். கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு மெதுவாக, வழக்கமாகக் கட்சிக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். "குடுக்காத."